பாதியில் கிளம்பினால் யாருக்கு நஷ்டம்? வளைகுடா ஆசிரியர் ஒப்பந்தங்கள்: ஓர் ஒப்பீடு

ஷார்ஜாவில் ஒரு சிபிஎஸ்இ பள்ளி, தோஹாவில் ஒன்று, ரியாத்தில் ஒன்று. மூன்று ஆஃபர் லெட்டரும் கையில் இருந்தால் நாம் முதலில் செய்வது திர்ஹமையும் ரியாலையும் ரூபாயாக மாற்றிப் பார்ப்பதுதான். அடுத்து வீடு உண்டா, டிக்கெட் உண்டா, பிள்ளைக்கு ஃபீஸ் சலுகை உண்டா என்று கேட்போம். அத்தோடு ஒப்பீடு முடிந்துவிடும். ஒப்பந்தக் காலத்துக்கு முன்பே வேலை முறிந்தால் என்ன என்று சொல்லும் பத்தியை, அது முறியும் நிலைக்கு வந்த பிறகுதான் பலரும் தேடி எடுக்கிறார்கள்.

அந்தப் பத்தியை மட்டும் வைத்து நான்கு நாடுகளை இங்கே ஒப்பிடுகிறேன். ஐக்கிய அரபு அமீரகம், கத்தார், சவுதி, குவைத். பி.எட். முடித்த தமிழ்நாட்டு ஆசிரியர்கள் அதிகம் யோசிப்பது இந்த நாலைத்தான். பிரிட்டன் பற்றியும் கடைசியில் கொஞ்சம் உண்டு.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். ஒப்பந்தம் இரண்டு பக்கத்திலிருந்தும் முறியும். நீங்கள் கிளம்பலாம்; பள்ளி உங்களை அனுப்பலாம். ஊரில் அம்மாவுக்கு முடியவில்லை, டிஎன்பிஎஸ்சியோ டிஆர்பியோ தேறிவிட்டது, கல்யாணம், பிரசவம், இல்லை வேறு பள்ளியில் நல்ல சம்பளம். இதெல்லாம் முதல் வகை. மாணவர் எண்ணிக்கை குறைந்தது, நிர்வாகம் மாறியது, பிரின்சிபலுக்கும் உங்களுக்கும் ஒத்துவரவில்லை. இவை இரண்டாம் வகை. நம்மவர்கள் முதல் வகையை மட்டும் மனதில் வைத்து, சுலபமாகக் கிளம்ப முடிகிற ஒப்பந்தமே நல்ல ஒப்பந்தம் என்று முடிவு கட்டுகிறார்கள். ஆனால் கிளம்புவதற்குச் சுலபமான ஒப்பந்தம், பெரும்பாலும் அனுப்புவதற்கும் சுலபமான ஒப்பந்தமே. ஆகவே உங்கள் விஷயத்தில் எது நடக்க அதிக வாய்ப்பு என்று யோசித்த பிறகுதான் நாட்டை ஒப்பிட முடியும்.

ஷரத்துகளின் வகை

பள்ளிகள் எழுதும் ஷரத்து சுமாராக நான்கு விதம். நோட்டீஸ் கொடுத்துவிட்டுப் போகலாம், அவ்வளவுதான் என்பது ஒன்று. நோட்டீஸோடு விசா, டிக்கெட் செலவையும் திருப்பித் தர வேண்டும் என்பது இரண்டு. எப்போது போனாலும் இத்தனை மாதச் சம்பளம் அபராதம் என்பது மூன்று. மீதமுள்ள காலத்துக்கான முழுச் சம்பளமும் நஷ்ட ஈடு என்பது நான்கு.

முதலாவது பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. இரண்டாவது நியாயமாகத் தோன்றும். தொகை மாதம் ஆக ஆகக் குறைகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். 24 மாத ஒப்பந்தத்தில் 20 மாதம் வேலை பார்த்த பிறகும் முழு விசாச் செலவையும் கேட்பது அநியாயம். மூன்றாவது வகை எனக்குப் பிடிக்காத வகை. பள்ளிக்கு உண்மையில் எவ்வளவு செலவானது என்பதோடு அதற்குச் சம்பந்தமே இல்லை; பயமுறுத்தத்தான் எழுதுகிறார்கள். நான்காவது பார்க்கப் பயங்கரமாக இருக்கும். ஆனால் அது இருபக்கமும் வெட்டும். அதைச் சவுதியில் பார்ப்போம்.

இன்னொன்று: ஷரத்தை எழுதுவது பள்ளி, அது செல்லுமா என்பதை முடிவு செய்வது அந்த நாட்டுத் தொழிலாளர் சட்டம். ஒரே வாசகம் துபாயில் வெறும் காகிதமாகவும் ரியாத்தில் வலுவான ஆயுதமாகவும் இருக்கலாம்.

அமீரகம்: கிளம்ப எளிது, அனுப்பவும் எளிது

பழைய ஆட்கள் சொல்வதை இங்கே அப்படியே நம்பக்கூடாது. 1980ஆம் ஆண்டுச் சட்டம் இருந்தவரை, லிமிட்டெட், அதாவது குறிப்பிட்ட கால, ஒப்பந்தத்தைப் பாதியில் முறித்த தொழிலாளி 45 நாள் சம்பளம் வரை கட்ட வேண்டியிருந்தது. 'பேன் விழும்', அதாவது விலகினாலே வேலைத் தடை வரும் என்று இன்றும் சித்தப்பா மாமாக்கள் சொல்வது அந்தக் காலத்துக் கதை. 2021ஆம் ஆண்டின் 33ஆம் எண் சட்டம் 2022 பிப்ரவரி 2 முதல் நடைமுறைக்கு வந்தது. இப்போது தனியார் துறையில் எல்லா ஒப்பந்தமும் குறிப்பிட்ட கால ஒப்பந்தமே. ஆனால் அதை முறிக்க, தகுந்த காரணமும் 30 முதல் 90 நாள் வரையான நோட்டீஸும் போதும். எத்தனை நாள் என்பதை ஒப்பந்தம் சொல்லும். நோட்டீஸ் காலத்தில் வேலை பார்க்காமல் போனால் அந்த நாள்களுக்கான சம்பளத்தைக் கட்ட வேண்டும். மீதக் காலத்துக்கு என்று எதுவும் இல்லை.

சோதனைக் காலம், அதாவது புரொபேஷன், 6 மாதத்துக்கு மேல் போகக்கூடாது. அதற்குள் பள்ளி உங்களை அனுப்ப 14 நாள் நோட்டீஸ் போதும். நீங்கள் ஊருக்கே திரும்புவதாக இருந்தாலும் 14 நாள். ஆனால் அமீரகத்துக்குள்ளேயே வேறு பள்ளிக்கு மாற வேண்டுமென்றால் ஒரு மாதம் நோட்டீஸ் தர வேண்டும்; உங்களை வரவழைத்த செலவைப் புதிய பள்ளி பழைய பள்ளிக்குத் தர வேண்டும். கவனியுங்கள், தர வேண்டியது புதிய பள்ளி, நீங்கள் அல்ல. ஊருக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு மூன்று மாதத்துக்குள் வேறு பெர்மிட்டில் திரும்பி வந்தாலும் இதே கணக்குதான். சொல்லாமல் கொள்ளாமல் விமானம் ஏறினால் ஓராண்டுக்கு வேலை பெர்மிட் கிடைக்காது.

இந்தச் சட்டத்தில் ஆசிரியருக்கு மிக உபயோகமான வரி வேறொன்று. வேலைக்கு எடுத்த செலவை நேராகவோ சுற்றி வளைத்தோ தொழிலாளியிடம் வாங்கக்கூடாது. ஆனாலும் 'ஓராண்டுக்குள் விலகினால் விசாச் செலவு பிடித்தம் செய்யப்படும்' என்று பள்ளிகள் எழுதிக்கொண்டேதான் இருக்கின்றன. அப்படி எழுதியிருந்தால், கையெழுத்துக்கு முன்பே ஒரு மின்னஞ்சலில், இது சட்டத்துக்கு ஒத்துவருகிறதா என்று பணிவாகக் கேளுங்கள். சில இடங்களில் அந்த வரியை எடுத்துவிடுவார்கள். எடுக்காவிட்டாலும் நீங்கள் கேட்டதற்குப் பதிவு இருக்கும். வேலை முடிந்த 14 நாளுக்குள் கணக்கைத் தீர்க்க வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. தராவிட்டால் தொழில் அமைச்சகத்தில் புகார் தரலாம். 50,000 திர்ஹம் வரையான தகராறுகளில் 2024 முதல் அமைச்சகமே முடிவு சொல்கிறது. ஆசிரியர்களின் பாக்கி பெரும்பாலும் இந்த வரம்புக்குள் அடங்கிவிடும்.

சரி, மறுபக்கம். பள்ளி உங்களை அனுப்பினால்? அதே நோட்டீஸ்தான். அமைச்சகத்தில் புகார் தந்ததற்காகவோ வழக்குப் போட்டதற்காகவோ வேலையை எடுத்தால் மூன்று மாதச் சம்பளம் வரை நஷ்ட ஈடு உண்டு. 'சேர்க்கை குறைந்துவிட்டது' என்று சொல்லி நோட்டீஸ் கொடுத்து அனுப்பினால், நோட்டீஸ் காலச் சம்பளம், பணிக்கொடை, ஊர் டிக்கெட், அத்தோடு முடிந்தது. இரண்டு ஆண்டு ஒப்பந்தம் போட்டிருக்கிறேனே என்று சொல்வதில் பயனில்லை.

கணவர் விசாவில் அங்கே இருந்துகொண்டு பள்ளியில் வேலை பார்க்கும் பெண்கள் நிறைய. அவர்களுக்கு அமீரகம் இன்னும் இலகு. குடியிருப்பு பள்ளியோடு கட்டப்படாததால், வேலை போனாலும் மூட்டை கட்ட வேண்டியதில்லை. ஓராண்டு பெர்மிட் தடையிலும் குடும்ப விசாக்காரர்களுக்கு விலக்கு உண்டு. இதனால்தான் இந்தப் பெண்களுக்குச் சம்பளத்தைக் குறைத்துப் பேசுகிறார்கள் என்பது வேறு வயிற்றெரிச்சல்.

கத்தார்: கிட்டத்தட்ட அதே தடம்

2020ஆம் ஆண்டுத் திருத்தங்களுக்கு முன் கத்தாரில் ஒப்பந்தம் முடியும் முன் பழைய முதலாளியின் என்ஓசி (ஆட்சேபணை இல்லை என்ற கடிதம்) இல்லாமல் வேலை மாற முடியாது. இப்போது அது இல்லை. இரண்டு ஆண்டு வரை வேலை பார்த்தவருக்கு ஒரு மாத நோட்டீஸ், அதற்கு மேல் என்றால் இரண்டு மாதம். புரொபேஷன் இங்கும் அதிகபட்சம் 6 மாதம். அதற்குள் வேறு இடம் மாறினால் புதிய முதலாளி பழையவருக்குச் செலவைத் தர வேண்டும். அதற்கு இரண்டு மாத பேஸிக் (படிகள் சேராத அடிப்படைச் சம்பளம்) என்று உச்சவரம்பு உண்டு. நோட்டீஸ் இல்லாமல் நாட்டை விட்டுப் போனால் ஓராண்டுக்கு அங்கே வேலை பார்க்க முடியாது.

அமீரகத்திலிருந்து பெரிய வித்தியாசம் என்று பார்த்தால், நோட்டீஸை 90 நாள் வரை இழுக்க அமீரகத்துப் பள்ளிகளுக்கு இடம் இருக்கிறது. கத்தாரில் முதல் இரண்டு ஆண்டுக்கு ஒரு மாதம்தான். ஊரில் அவசரம் வரக்கூடும் என்று நினைக்கும் ஆசிரியருக்கு இந்த ஒரே காரணத்துக்காகத் தோஹாவைக் கொஞ்சம் மேலே வைப்பேன், சம்பளம் சற்றுக் குறைவாக இருந்தாலும்.

சவுதி: இருபக்கமும் வெட்டும்

சவுதியில் வெளிநாட்டவருக்குக் குறிப்பிட்ட கால ஒப்பந்தம் மட்டும்தான். தொழிலாளர் சட்டத்தின் 77ஆம் பிரிவை வேலைக்குப் போகும் ஒவ்வொருவரும் படிக்க வேண்டும். தகுந்த காரணம் இல்லாமல் ஒப்பந்தத்தை முறித்தவர், ஒப்பந்தத்திலேயே ஒரு தொகை எழுதப்பட்டிருந்தால் அந்தத் தொகையைத் தர வேண்டும். எழுதப்படவில்லை என்றால் மீதமுள்ள காலத்துக்கான முழுச் சம்பளம். அதுவும் இரண்டு மாதச் சம்பளத்துக்குக் குறையக்கூடாது. இது ஆசிரியருக்கும் பொருந்தும், பள்ளிக்கும் பொருந்தும்.

கணக்குக்காக ஓர் ஆசிரியரை எடுத்துக்கொள்வோம். மாதம் 5,000 சம்பளம், அதில் பேஸிக் 3,000, இரண்டு ஆண்டு ஒப்பந்தம், 14ஆம் மாதம் முடியும்போது முறிகிறது. அமீரகத்தில் நோட்டீஸ் 60 நாள் என்று வைத்துக்கொள்வோம். ஆசிரியர் ஒழுங்காக நோட்டீஸ் முடித்தால் ஒரு திர்ஹம் நஷ்டமில்லை, பணிக்கொடையும் உண்டு. அப்படியே கிளம்பினால் இரண்டு மாதச் சம்பளமான 10,000 போகும். பள்ளி அனுப்பினால் நோட்டீஸுக்கு மேல் ஒன்றும் வராது. இதே ஆசிரியர் ரியாத்தில், ஒப்பந்தத்தில் தொகை எதுவும் எழுதாமல், தானாகக் கிளம்பினால் காகிதக் கணக்குப்படி 10 மாதம், அதாவது 50,000 ரியால், அவர் தலையில். பள்ளி காரணமில்லாமல் அனுப்பினால் அதே 50,000 பள்ளியின் தலையில்.

நடைமுறையில் ஒரு கணித ஆசிரியர் மேல் 50,000 ரியாலுக்கு வழக்குப் போட எத்தனை பள்ளிக்குப் பொறுமை இருக்கும் என்று கேட்கலாம். கேள்வி நியாயமே. வழக்கைவிட இது பேரத்துக்குத்தான் பயன்படுகிறது: 'கடைசி மாதச் சம்பளத்தை விட்டுவிடு, நாங்களும் 77ஐ விட்டுவிடுகிறோம்.' அந்த இடத்தில் நிற்காமல் இருக்கத்தான் முன்கூட்டியே தொகையை எழுதச் சொல்ல வேண்டும். 'எந்தத் தரப்பு முறித்தாலும் இரண்டு மாதச் சம்பளம்' என்று ஒரு வரி சேர்ந்தால் உங்கள் அதிகபட்ச நஷ்டம் அப்போதே தெரிந்துவிடும். ஆனால் ஆசிரியர் முறித்தால் மூன்று மாதம், பள்ளி முறித்தால் ஒரு மாதம் என்று சாய்த்து எழுதும் ஆஃபர்களும் உண்டு. அதைப் பார்த்தால், சட்டமே மேல் என்று தொகையை எழுதாமல் விடச் சொல்வேன். சாய்வான தொகையைவிடச் சமமான கடுமை பரவாயில்லை.

2025 பிப்ரவரியில் அமலான திருத்தங்கள் ஒரு ஜன்னலைத் திறந்திருக்கின்றன. குறிப்பிட்ட கால ஒப்பந்தத்தில் இருப்பவர் எழுத்தில் ராஜினாமா கொடுக்கலாம். முதலாளி 30 நாளுக்குள் பதில் சொல்லாவிட்டால் ஏற்றுக்கொண்டதாகவே அர்த்தம். காரணம் காட்டி 60 நாள் வரை தள்ளிப்போடலாம். ஆகவே சவுதியில் பாதியில் கிளம்ப வேண்டியிருந்தால் ராஜினாமாவை எழுத்தில் கொடுத்து, ஏற்கப்படும்வரை வேலை பார்த்துக்கொண்டிருப்பதே பாதுகாப்பு. லீவில் ஊருக்கு வந்து அங்கிருந்து 'வரமாட்டேன்' என்று வாட்ஸ்அப் போடுவதோ, வகுப்புக்குப் போகாமல் ரூமில் உட்கார்ந்துகொள்வதோ கூடவே கூடாது. 'ஹுரூப்' (வேலையை விட்டு ஓடிவிட்டார் என்று முதலாளி தரும் புகார்) விழுந்த கதைகளைச் சவுதியிலிருந்து திரும்பிய எந்த அண்ணனிடமும் கேட்கலாம். ஒப்பந்தம் சவுதி அரசின் கிவா தளத்தில் மின்னணு முறையில் பதிவாகிறது; அங்கே நீங்கள் ஒப்புதல் அழுத்தும்போது தெரியும் காலமும் தொகையும் ஆஃபர் லெட்டரோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிட்டு அழுத்துங்கள்.

குவைத்: எனக்குத் தயக்கம்

குவைத்தின் 2010ஆம் ஆண்டுச் சட்டமும் சவுதியின் சாயல்தான். குறிப்பிட்ட கால ஒப்பந்தத்தை உரிமையில்லாமல் முறித்தவர் மறுதரப்பின் நஷ்டத்தை ஈடு செய்ய வேண்டும். அந்தத் தொகை மீதக் காலச் சம்பளத்தைத் தாண்டக்கூடாது. அதாவது சவுதியில் சூத்திரம், குவைத்தில் உச்சவரம்பு. கால வரம்பில்லாத ஒப்பந்தம் என்றால் மாதச் சம்பளக்காரர் தர வேண்டிய நோட்டீஸ் மூன்று மாதம். நாலு நாடுகளில் சட்டமே கட்டாயமாக்கும் நோட்டீஸில் இதுதான் நீளம். போதாக்குறைக்கு 2025 ஜூலை 1 முதல் தனியார் துறை வெளிநாட்டவர் நாட்டைவிட்டு வெளியேற முதலாளி ஒப்புதலோடு எக்ஸிட் பெர்மிட் வாங்க வேண்டும். கணக்குத் தீராமல் மனஸ்தாபத்தோடு கிளம்புகிறவருக்கு இது சின்ன விஷயமில்லை. தினார் மதிப்பு உயர்ந்தது என்பதற்காக மட்டும் குவைத்தைத் தேர்ந்தெடுப்பவர்கள் இதையும் தட்டில் வைத்து எடை போட வேண்டும்.

பணிக்கொடை: பேசப்படாத அபராதம்

பாதியில் போனால் என்ன கட்ட வேண்டும் என்று பார்க்கிறோம். என்ன வராமல் போகும் என்று பார்ப்பதில்லை. இரண்டரை ஆண்டு வேலை பார்த்து, தானாக ராஜினாமா செய்த ஆசிரியரை எடுத்துக்கொள்ளுங்கள்.

அமீரகத்தில் ஓராண்டு முடித்தாலே பணிக்கொடை உண்டு. முதல் ஐந்து ஆண்டுக்கு ஆண்டுக்கு 21 நாள் பேஸிக். தானாக விலகினாலும் குறையாது. ஆக 52.5 நாள் பேஸிக். கத்தாரில் ஆண்டுக்குக் குறைந்தது மூன்று வார பேஸிக், அதுவும் 52.5 நாள். சவுதியில் முதல் ஐந்து ஆண்டுக்கு ஆண்டுக்கு அரை மாதச் சம்பளம் என்பது விதி. தானாக விலகினால் இரண்டு ஆண்டுக்குள் ஒன்றுமில்லை, இரண்டு முதல் ஐந்து ஆண்டுக்குள் மூன்றில் ஒரு பங்கு. ஆக சுமார் 12.5 நாள் சம்பளம். ஒரு சமாதானம், சவுதியில் கணக்கு வெறும் பேஸிக்கில் இல்லை, கடைசியாக வாங்கிய சம்பளத்தில். குவைத்தில் மூன்று ஆண்டுக்குள் ராஜினாமா செய்தால் பூஜ்யம். ஆனால் குறிப்பிட்ட கால ஒப்பந்தத்தை முழுதாக முடித்து, புதுப்பிக்காமல் போனால் சவுதியிலும் குவைத்திலும் முழுப் பணிக்கொடை வரும். 22ஆம் மாதத்தில் அலுத்துப்போய் ராஜினாமா எழுதும் முன் இந்த வித்தியாசத்தைப் பார்க்க வேண்டும்.

அமீரகமும் கத்தாரும் இங்கே முந்துவதுபோல் தெரிகிறதல்லவா? அதற்குள் ஒரு தந்திரம் ஒளிந்திருக்கிறது. பள்ளி 5,000 சம்பளத்தை 3,000 பேஸிக் என்பதற்குப் பதில் 1,500 பேஸிக், மீதி படிகள் என்று பிரித்தால் 52.5 நாளின் மதிப்பு பாதியாகிவிடும். ஆஃபர் லெட்டரில் மொத்தத் தொகைக்குப் பக்கத்தில் பேஸிக் எவ்வளவு என்று தனியாக இல்லையென்றால், கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுவே.

பெண்களுக்கு ஒரு முக்கியமான விலக்கு. சவுதியில் திருமணமான ஆறு மாதத்துக்குள்ளோ பிரசவமான மூன்று மாதத்துக்குள்ளோ விலகும் பெண்ணுக்குப் பணிக்கொடை குறையாமல் முழுதாக வரும். குவைத்திலும் திருமணத் தேதியிலிருந்து ஓராண்டுக்குள் திருமணத்துக்காக விலகும் பெண்ணுக்கு முழுப் பணிக்கொடை உண்டு. எச்.ஆர். தானாகச் சொல்லமாட்டார். ராஜினாமாக் கடிதத்தில் காரணத்தை 'சொந்தக் காரணம்' என்று மழுப்பாமல், இன்னதென்று தேதியோடு எழுதுங்கள். வீட்டில் நிச்சயதார்த்தம் பேசிக்கொண்டிருக்கும்போது ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் பெண்கள் இதையும் கணக்கில் சேர்த்தால், சவுதி முதலில் தோன்றிய அளவுக்கு மோசமாக இருக்காது.

மாதத்தைத் தேர்ந்தெடுப்பது

ஆசிரியர் வேலைக்கே உரிய ஒரு சிக்கல் கோடை விடுமுறை. வளைகுடா இந்தியப் பள்ளிகளில் ஆண்டு ஏப்ரலில் தொடங்கும், ஜூலை ஆகஸ்டில் நீண்ட லீவு வரும். பிரிட்டிஷ், அமெரிக்கப் பாடத்திட்டப் பள்ளிகள் செப்டம்பரில் தொடங்கும். ஜூன் கடைசியில் ராஜினாமா கொடுத்தால் ஜூலை ஆகஸ்டு சம்பளம் யாருக்கு? நோட்டீஸ் காலத்தில் விடுமுறை நாள் சேருமா? சட்டம் ஆசிரியருக்கென்று தனியாக இதையெல்லாம் எழுதி வைக்கவில்லை. பள்ளியின் ஷரத்துதான் பேசும். 'கல்வி ஆண்டின் நடுவில் விலகினால் கோடைச் சம்பளம் திரும்பப் பெறப்படும்', 'நோட்டீஸ் பணி நாள்களில் மட்டும் கணக்கிடப்படும்' போன்ற வரிகள் இருந்தால் 60 நாள் நோட்டீஸ் நாலு மாதமாக நீளும். பெரிய எழுத்தில் அபராதம் போடாத பள்ளிகள்கூட இங்கே பிடிப்பதுண்டு. நோட்டீஸ் எந்தத் தேதியில் கொடுத்தால் எந்தத் தேதியில் விடுபடலாம் என்று ஓர் உதாரணத்தோடு எழுதித் தரச் சொல்லுங்கள்.

இந்த விஷயத்தில் பிரிட்டன் மிகத் தெளிவு. அரசு நிதியில் நடக்கும் பள்ளிகள் பெரும்பாலும் பின்பற்றும் 'பர்கண்டி புக்' விதிகளின்படி, டிசம்பர் கடைசியில் விலக அக்டோபர் 31க்குள், ஏப்ரல் கடைசியில் விலக பிப்ரவரி கடைசிக்குள், ஆகஸ்டு 31இல் விலக மே 31க்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். ஒரு நாள் தவறினால் அடுத்த டெர்ம் வரை இருக்க வேண்டியதுதான். அபராதக் கலாசாரம் குறைவு. ஸ்பான்சர்ஷிப் சான்றிதழுக்கான கட்டணத்தையும் குடியேற்றத் திறன் கட்டணத்தையும் ஆசிரியரிடம் வசூலிக்கப் பள்ளிக்கு அனுமதி இல்லை. விசாக் கட்டணத்தைப் பள்ளி கட்டியிருந்தால் அதை மட்டும் திருப்பிக் கேட்கும் ஷரத்து இருக்கலாம். ஆனால் வேலை போனால் விசாவும் சுருங்கும். வழக்கமாக 60 நாளுக்குள் வேறு ஸ்பான்சர் பார்க்க வேண்டும். கணிதம், அறிவியல், மொழிப்பாட ஆசிரியர்கள் இந்தியத் தகுதியோடு அங்கே ஆசிரியர் அங்கீகாரத்துக்கு விண்ணப்பிக்க 2023 முதல் வழி இருப்பதால் இதையும் ஒரு தேர்வாகச் சொன்னேன். மற்றபடி அது வேறு உலகம்.

ஊரிலேயே போடும் கையெழுத்து

பள்ளியோடு போடும் ஒப்பந்தத்தைவிடச் சென்னையிலோ திருச்சியிலோ கன்சல்டன்சியோடு போடும் காகிதம் சில சமயம் அதிக ஆபத்து. 'இரண்டு ஆண்டு முடிக்காமல் திரும்பினால் ஒரு லட்சம்' என்று முத்திரைத்தாளில் பாண்டு, கூடவே தேதி போடாத காசோலை, ஒரிஜினல் சர்டிபிகேட்.

பதிவு பெற்ற ஏஜென்ட் வேலை தேடுபவரிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய், அதோடு ஜிஎஸ்டி. பாண்டுத் தொகையைப் பொறுத்தவரை இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவு, எழுதிய தொகையை அப்படியே தூக்கிக் கொடுக்கச் சொல்லவில்லை. அதை உச்சவரம்பாக வைத்து நியாயமான ஈட்டைத்தான் கொடுக்கச் சொல்கிறது. அதற்காக பாண்டு எல்லாம் செல்லாது என்று நினைத்துவிடவும் கூடாது. 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில், மூன்று ஆண்டு முடிக்காமல் விலகிய அதிகாரியிடம் 2 லட்சம் வாங்கியது செல்லும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. மறுபடி ஆள் எடுக்க வங்கிக்கு ஆகும் செலவைக் கருதியது நீதிமன்றம். உங்களிடமே கட்டணம் வாங்கிக்கொண்ட ஒரு கன்சல்டன்சியால் அப்படிச் செலவு காட்ட முடியுமா என்பது அவர்கள் பதில் சொல்ல வேண்டிய கேள்வி.

பட்டதாரிகளுக்கு இதில் ஒரு பாதகமும் இருக்கிறது. பத்தாம் வகுப்பு தாண்டியவர்களுக்குக் குடிபெயர்வு அனுமதி தேவையில்லை என்பதால், கொத்தனார் ஒப்பந்தத்தைப் பார்க்கும் அரசு அலுவலகம் ஆசிரியர் ஒப்பந்தத்தைப் பார்ப்பதில்லை. படித்தவர், தானே பார்த்துக்கொள்வார் என்ற எண்ணம். ஆகவே ஏஜென்டின் பதிவு எண்ணை இந்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் சரிபார்ப்பதும், முடிந்தால் தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் வழியாக வரும் இடங்களை முதலில் பார்ப்பதும் உங்கள் வேலை. ஒரிஜினல் சர்டிபிகேட்டை அட்டெஸ்டேஷனுக்குக் கொடுத்தால் ரசீதும் திரும்ப வரும் தேதியும் வாங்குங்கள். அமீரகமும் கத்தாரும் முதலாளி பாஸ்போர்ட்டை வைத்துக்கொள்வதைத் தடை செய்திருக்கின்றன. அங்கேயே தடை இருக்கும்போது திருச்சி ஏஜென்டுக்கு எதற்கு?

யாருக்கு எது

வயதான பெற்றோர், அரசுத் தேர்வு முடிவுக்குக் காத்திருப்பு, பேச்சுவார்த்தையில் இருக்கும் கல்யாணம் என்று நீங்கள் கிளம்பும் வாய்ப்பு அதிகமாக இருந்தால், என் வரிசை கத்தார், அமீரகம், அப்புறம் வெகு தூரத்தில் சவுதி. அமீரகத்தில் நோட்டீஸை 90 நாள் போட்டிருந்தால் 30 ஆகவோ 60 ஆகவோ குறைக்கக் கேளுங்கள்; சம்பளம் கூட்டச் சொல்வதைவிட இது சுலபமாகக் கிடைக்கும்.

மாறாக, ஊரில் வேலையை விட்டுவிட்டு, கடன் வாங்கி, குடும்பத்தோடு போகிறீர்கள், ஐந்து ஆண்டு அங்கேதான் என்று முடிவு செய்துவிட்டீர்கள் என்றால் உங்கள் பயம் வேறு. பாதியில் அனுப்பிவிட்டால் என்ன செய்வது என்பதே அது. அப்போது சவுதி ஒப்பந்தத்தின் கடுமை உங்கள் பக்கம் நிற்கும், 77ஆம் பிரிவுக்குப் பதிலாகச் சாய்வான தொகை எதையும் எழுதாதவரை. புதிதாகத் திறந்த, வகுப்புகள் இன்னும் நிரம்பாத பள்ளியில் சேருகிறவர்களுக்கு இது இன்னும் பொருந்தும். அந்தப் பள்ளிகளில்தான் செப்டம்பர் எண்ணிக்கையைப் பார்த்துவிட்டு அக்டோபரில் ஆள் குறைப்பார்கள். அமீரகத்தில் அப்படிப்பட்ட பள்ளிக்குப் போவதாக இருந்தால் புரொபேஷனை மூன்று மாதமாகக் குறைக்கவும், பள்ளி தரும் நோட்டீஸை 90 நாளாக்கவும் கேட்கலாம். நோட்டீஸ் பொதுவாக இரு தரப்புக்கும் ஒன்றுதான். அதனால் உங்களுக்கும் 90 வரும். நிலைத்து நிற்கப் போகிறவருக்கு அது பாரமில்லை.

இரண்டும் சம வாய்ப்பு என்று தோன்றும் ஆசிரியருக்கு, செலவைத் திருப்பிக் கேட்கும் ஷரத்து இல்லாமலும், பேஸிக் பாதிக்கு மேலாகவும் இருக்கும் அமீரக ஒப்பந்தத்தைச் சொல்வேன். அது கிடைக்காமல், அபராதம் மூன்று மாதச் சம்பளம், பேஸிக் மூன்றில் ஒரு பங்கு என்று வந்தால், சம்பளம் 500 திர்ஹம் கூடுதலாக இருந்தாலும் அந்த ஆஃபரை விட்டுவிட்டு அடுத்த ஏப்ரல் வரை காத்திருப்பது மேல்.

முடிவு எதுவானாலும் கையெழுத்திட்ட ஒப்பந்தம், ஆஃபர் லெட்டர், அமைச்சகத்தில் பதிவான பிரதி மூன்றையும் பள்ளி மின்னஞ்சலில் மட்டும் வைக்காதீர்கள். ராஜினாமா கொடுத்த அன்றைக்கே அந்தக் கணக்கை மூடிவிடும் பள்ளிகள் உண்டு.